முப்பத்தெட்டாம் கேள்வியில் ஒரு கழித்தல் குறி

அந்தக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இடப்பக்கம்'. பலகையில் எந்த முற்றொருமையை எழுதினாலும், எழுதி முடித்த கையோடு, "இடப்பக்கத்தை எடுத்துக்கோங்க. வலப்பக்கம் பக்கமே போகக் கூடாது" என்பாள். இருபத்திரண்டு வருடமாக அதே வாக்கியம்தான். முதல் வருடம் அவளிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் பெயரும் பரம்பரையாக வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அறையிலும் அதே பெயர்தான். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. ஒருமுறை வங்கியில் யாரோ பின்னாலிருந்து "இடப்பக்கம் டீச்சர்" என்று கூப்பிட்டபோது அவளே திரும்பிப் பார்த்துவிட்டாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட கூடத்தில் நாற்பது மேசைகள். மேசைக்கு ஐந்து பேர் திருத்துவார்கள், ஆறாவதாக ஒரு முதன்மைத் தேர்வாளர் உட்கார்ந்து அவர்கள் திருத்தியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். காலையில் ஆளுக்குப் பதினைந்து தாள், மதியம் பதினைந்து. மேலேயிருந்து வந்த விடைக்குறிப்பு ஒவ்வொருவர் முன்னாலும் விரித்து வைத்திருக்கும். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அதுதான் சொல்லும். யாரும் சொந்தப் புத்தியைக் கடைவிரிக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, பதினோராவது தாளில் அவள் கை நின்றது.

முப்பத்தெட்டாம் கேள்வி, ஐந்து மதிப்பெண், கட்டாயக் கேள்வி. முற்றொருமையை நிரூபிக்கச் சொல்லியிருந்தது. அந்த மாணவனோ மாணவியோ மூன்று முறை முயன்று, மூன்றையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்திருந்தது. முதல் முயற்சி நேர்வழி: இரண்டு பின்னங்களுக்கும் பொதுப் பகுதி எடுத்து ஒன்றாக்கியது. இரண்டாவதில் கீழேயும் மேலேயும் ஒன்று கழித்தல் காஸால் பெருக்கிப் பார்த்தது. மூன்றாவதில் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் வரப் பார்த்தது. மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. பொதுப் பகுதி எடுத்ததற்கு விடைக்குறிப்புப்படி இரண்டு மதிப்பெண் உண்டு. அவள் ஓரத்தில் சிவப்பில் '2' என்று போட்டுவிட்டுத் தாளைத் திருப்பப் போனாள். அடித்தவற்றுக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது.

'θ = 60° எனப் பிரதியிட, இடப்பக்கம் = 2/√3. வலப்பக்கம் = 4/√3. இரண்டும் சமம் இல்லை. ஆகவே இது முற்றொருமை அல்ல.'

அதற்கும் கீழே, கொஞ்சம் சிறிய எழுத்தில்: 'மூன்று முறை சரிபார்த்தேன்.'

அவள் லேசாகச் சிரித்தாள். கணக்கு வராவிட்டால் கேள்வியே தப்பு என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறாள். இருந்தாலும் அறுபதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தாளில் எழுதியிருந்தபடியே, மேசை விரிப்பாகக் கிடந்த பழைய காகிதத்தின் மூலையில் போட்டாள். இரண்டின் கீழ் வேர் மூன்று வந்தது. வலப்பக்கம் அதைப் போல இரண்டு மடங்கு. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். அப்புறம்தான் கேள்வித்தாளை எடுத்து, மூன்று நாளில் முதல் தடவையாக, முப்பத்தெட்டாம் கேள்வியைப் படித்தாள்.

sin θ / (1 + cos θ) + (1 − cos θ) / sin θ = 2 cosec θ என நிறுவுக.

இரண்டாவது பின்னத்தின் மேலே இருக்க வேண்டியது கூட்டல். அங்கே கழித்தல் அச்சாகியிருந்தது. விடைக்குறிப்பில் கூட்டல்தான் இருந்தது, ஏனென்றால் விடைக்குறிப்பு கைப்பிரதியைப் பார்த்துத் தயாரித்தது. கூட்டல் போட்ட அந்தக் கணக்கு எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் உண்டு. கணக்கு வாத்தியார்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் தேர்வு நடந்த அன்று யாரும் புகார் கிளப்பவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் படித்தது கேள்வியை அல்ல, மனசுக்குள் ஏற்கெனவே இருந்ததை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தக் கழித்தல் குறியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

நாலு மாதத்துக்கு முன், ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டிய ஓர் அறையில், அந்தக் கேள்வித்தாளின் அச்சுப்படியைச் சரிபார்த்த இரண்டு பேரில் அவளும் ஒருத்தி. வெளியே சொல்லக் கூடாத வேலை அது. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் முழுத்தாளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. மணி மூன்றரை ஆகிவிட்டது, அச்சகத்து ஆள் வாசலில் நின்றுகொண்டு மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்பாதி நான், பின்பாதி நீங்க" என்றார் மற்றவர். அவளும் தலையாட்டினாள்.

முப்பத்தெட்டுக்கு வந்தபோது அந்தக் குறி கண்ணில் உறுத்தியது. கூட்டல் அல்லவா வர வேண்டும் என்று நினைத்தாள். கைப்பிரதியைப் பார்க்கலாம் என்றால் அது அலமாரியில் பூட்டியிருந்தது, சாவிக்காரர் கீழே போயிருந்தார். ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தொண்ணூறைப் போட்டாள். சைன் தொண்ணூறு ஒன்று, காஸ் தொண்ணூறு பூஜ்யம். இடப்பக்கம் ஒன்றும் ஒன்றும் இரண்டு, வலப்பக்கமும் இரண்டு. சரியாக வந்தது. தன் பாதியில் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு ஓடினாள்.

காஸ் பூஜ்யமாகிவிட்டால் அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன. குறி தப்பா சரியா என்று தொண்ணூறு ஒருநாளும் சொல்லாது. இதை அவள் வகுப்பில் வருடா வருடம் சொல்கிறவள்தான். "சோதிச்சுப் பாக்கிறதுக்குப் பூஜ்யத்தையும் தொண்ணூறையும் எடுக்காதீங்க. அதுங்க ரெண்டும் யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடும். அப்புறம், ஒரு எண் சரியா வந்தா கணக்கு சரின்னு அர்த்தம் இல்ல. ஒரு எண் தப்பா வந்தா கணக்கு தப்புதான்." பிள்ளைகள் இதைக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எழுதிக்கொள்வார்கள்.

அன்று காலை திருத்திய பத்துத் தாளையும் மறுபடி புரட்டினாள். ஆறு பேர் வழிகாட்டிப் புத்தகத்துக் கணக்கை அப்படியே இறக்கியிருந்தார்கள். கேள்வியைக் காப்பி எடுத்தபோது கழித்தல், அடுத்த வரியிலேயே அது சத்தமில்லாமல் கூட்டலாக மாறியிருந்தது. ஆறு பேருக்கும் அவள் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். மூன்று பேர் ஒழுங்காகக் கணக்கைப் போட்டு, இரண்டு சைனின் கீழ் ஒன்று கூட்டல் காஸ் என்ற இடத்துக்கு வந்திருந்தார்கள். அச்சான கேள்விக்கு அதுதான் சரியான முடிவு. அங்கிருந்து நகர வழியில்லாமல் ஒருவன் 'எனவே' என்று எழுதி, ஒரே தாவலில் வலப்பக்கத்தில் போய் விழுந்திருந்தான். மற்ற இருவரும் பாதியில் விட்டிருந்தார்கள். மூவருக்கும் இரண்டு. பத்தாவது ஆள் கேள்வியை வெறுமனே எழுதி வைத்திருந்தது, அதற்குப் பூஜ்யம்.

ஆகக்கூடி, கேள்வியைப் படிக்காதவர்களுக்கு ஐந்து, படித்தவர்களுக்கு இரண்டு. இதை இரண்டு நாளாக, அறுபது தாளில் அவள் செய்திருக்கிறாள்.

பதினோராவது தாளின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். வரைபடக் கேள்வி பாதியில் நின்றிருந்தது. அச்சுகள் போட்டு, மூன்று புள்ளி குறித்து, நாலாவது புள்ளிக்குப் பென்சில் வைத்த தடம் மட்டும் இருந்தது. முப்பத்தெட்டில் இருபது நிமிடமாவது போயிருக்கும்.

தேநீர் இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரனிடம் பேச்சுக் கொடுத்தாள். இளைஞன், இரண்டாம் வருடமாகத் திருத்த வருகிறான், மேசையில் எல்லாரும் 'புயல்' என்பார்கள். மற்றவர்கள் ஒன்பதாவது தாளில் இருக்கும்போது அவன் பதினைந்தையும் கட்டி வைத்துவிட்டுக் கைவிரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பான்.

"தம்பி, முப்பத்தெட்டு உங்க கட்டுல எப்படி வருது?"

"அதுவா டீச்சர், கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு போடலாம். கைடுல இருக்கிறத அப்படியே எறக்கி வச்சிருக்குதுங்க. கடைசி வரியில கோசீக் இருக்கான்னு பாப்பேன், இருந்தா அஞ்சு."

"கேள்வியைப் படிச்சீங்களா?"

"கேள்விய நாம எதுக்கு டீச்சர் படிக்கணும்? நாமளா பரீட்சை எழுதறோம்?"

அவனைத் திட்டுகிற தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. அன்று மிச்சமிருந்த எல்லாத் தாளிலும் முப்பத்தெட்டை மட்டும் பென்சிலில் குறித்துவிட்டு மதிப்பெண் போடாமல் வைத்தாள். பதினோராவது தாளைக் கட்டின் மேலே வைத்துக் கட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் குழாயடியில் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் சோதனை அட்டையில் அவர் கையெழுத்து இருக்கும். அவள் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். கேள்வித்தாள் சரிபார்த்ததை அதுவரை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "தொண்ணூறைப் போட்டா சரியாத்தானே வந்திருக்கு. அதுல என்ன குறை?" என்றார்.

"அது எப்பவும் சரியாத்தான் வரும். கூட்டல் இருந்தாலும் வரும், கழித்தல் இருந்தாலும் வரும்."

"அப்ப காலி லிஃப்டை மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்ட மாதிரி."

"அதேதான்."

"அது போடக் கூடாது. ஆள் ஏத்தற எடையை ஏத்திப் பாக்கணும்."

"தெரியாம வந்து கேக்கறேனா? நீங்க பெரிய யோக்கியர்னு சொல்லிக்க இதுதான் நேரமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யோக்கியன்னு சொல்லலம்மா. நானும் போட்டிருக்கேன். ரெண்டு தடவை. எடைக்கல்லு வண்டி வரல, வீட்டுக்காரங்க அவசரப்படுத்தினாங்க. ஒண்ணும் ஆகல. அதனால நானும் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப நானும் சொல்லாம இருக்கலாம்கிறீங்க."

"உனக்கு ஆயிடுச்சே" என்றார் அவர்.

தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் நாலாவதாக இருந்தது. இந்த வருடம் ஐந்து இடம் காலி. அது அவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை, அவளும் எடுக்கவில்லை. சமையலறைக்குப் போய் உலையை வைத்தாள். சாப்பிடும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னொருத்தர் இருந்தாருன்னியே, அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா விசாரிச்சா ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவாங்க."

மறுநாள் காலை கூடம் நிறைவதற்கு முன்பே அவள் முதன்மைத் தேர்வாளரிடம் போனாள். அவர் நிதானமான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். விடைத்தாள், கேள்வித்தாள், விடைக்குறிப்பு மூன்றையும் வரிசையாக அவர் முன் வைத்தாள். அவர் மூன்றையும் பார்த்தார். அவள் சொன்னதை நம்பாமல் நாற்பத்தைந்தைப் போட்டுப் பார்த்தார். பிறகு முப்பது. பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு நாள்ல இந்தக் கேள்விக்குக் கீழ எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன் தெரியுமாம்மா?"

"நானூறுக்கு மேல இருக்கும் சார்."

"நானூத்தி முப்பது." அவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இன்னும் நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். "இப்படிச் செய்யலாம். நம்ம மேசையில மட்டும் முப்பத்தெட்டைத் தொட்ட எல்லாருக்கும் அஞ்சு போட்டுடுவோம். பழைய கட்டையும் திறந்து சரி பண்ணிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல. சத்தமும் இல்ல."

"பக்கத்து மேசைப் புள்ளைங்க சார்?"

"ம்."

"மத்த முகாம்?"

அவர் கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நீங்க சொல்றது புரியுது. மேல போனா முதல்ல கேக்கறது, யார் பார்த்து அச்சுக்கு அனுப்பினாங்கங்கறதுதான். பாவம், யாரோ ஒரு வாத்தியார் மாட்டிப்பாங்க."

"மாட்டிக்கட்டும் சார்" என்றாள் அவள். அவர் அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். புரிந்துகொண்டாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "வாங்க" என்று எழுந்து, அவரே முகாம் அலுவலர் அறைக்கு முன்னால் நடந்தார்.

முகாம் அலுவலர் ஓர் அம்மா, இரண்டு தொலைபேசிக்கும் ஒரு பேரேட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். முதன்மைத் தேர்வாளர் விஷயத்தைச் சொல்லிவிட்டு வெளியே போனதும், அவள் இரவு எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினாள். அந்த அம்மா முதல் பத்தியைப் படித்துத் தலையசைத்தார். இரண்டாம் பத்தியில் நெற்றி சுருங்கியது.

"அச்சுப்படியைச் சரிபார்த்தவர்களில் நான் ஒருத்தி, இந்தக் கேள்வியில சந்தேகம் வந்தும் கையெழுத்துப் போட்டேன்னு எழுதியிருக்கீங்க. இதை யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப ஏன் எழுதறீங்க?"

"நாளைக்குக் கேப்பாங்க. அந்த அறையில ரெண்டு பேர் இருந்தோம். பார்த்தது நான். சந்தேகம் வந்ததும் எனக்குத்தான். சந்தேகம் வந்த பிறகு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சரிபார்த்தவங்க யாருங்கறது இந்த முகாமுக்குத் தெரியவே கூடாது. விதி அப்படி." அந்த அம்மா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "முதல் பத்தியை ஒரு தாள்ல எழுதுங்க, அது எனக்கு. ரெண்டாம் பத்தியைத் தனித்தாள்ல எழுதி, உறையில ஒட்டி, மேலிடத்து முகவரி போட்டுக் குடுங்க, அது தபாலுக்கு. நீங்க சொல்லல, நான் கேக்கல."

அவள் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து இரண்டு தாளில் எழுதினாள். உறையை ஒட்டப் பசை இல்லை. அந்த அம்மாவே இழுப்பறையைத் துழாவி, காய்ந்து போன பசைப்புட்டியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: முப்பத்தெட்டாம் கேள்விக்கு மறு அறிவிப்பு வரும்வரை மதிப்பெண் போட வேண்டாம். கூடம் முழுக்கக் கேள்வித்தாளைப் புரட்டும் சத்தம். அடுத்த அரைமணி நேரம் அங்கே திருத்தியவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் போலக் குனிந்து அந்தக் கணக்கைப் போட்டார்கள். பின்வரிசையில் ஒருவர், கழித்தல் இருந்தாலும் கணக்கு வரும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மேசைக்காரர்கள் அவருக்கு அறுபதைப் போட்டுக் காட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. முப்பத்தெட்டாம் கேள்வி எண்ணை எழுதி, எதை எழுத முயன்றிருந்தாலும் ஐந்து மதிப்பெண். எல்லா முகாமிலும், எல்லாக் கட்டையும் திறந்து, மாற்றி, மறுபடி கூட்டி, மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். முகாம் மூன்று நாள் நீண்டது. விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். புயலுக்கு மட்டும் வேலை சீக்கிரம் முடிந்தது. "என் கட்டுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர். ஏற்கெனவே எல்லாருக்கும் அஞ்சு" என்று அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

அவள் அந்தப் பதினோராவது தாளை எடுத்தாள். '2' என்பதை அடித்து '5' என்று போட்டுச் சுருக்கொப்பம் வைத்தாள். தாவிக் குதித்தவனுக்கும் ஐந்து, மனப்பாடத்துக்கும் ஐந்து, இதற்கும் ஐந்து. வேறு மாதிரி செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தாளை முதன்மைத் தேர்வாளரிடம் நீட்டும்போது கேட்டுவிட்டாள்:

"இந்தப் புள்ளை இதுல நேரத்தை விட்டுட்டு வரைபடத்தை முடிக்கல சார். அதுக்கு ஏதாவது..."

"நேரத்துக்கு மார்க் போடற பேனா என்கிட்ட இல்லம்மா" என்றார் அவர், வருத்தமாகத்தான்.

விடைத்தாளில் திருத்துகிறவர் மதிப்பெண்ணைத் தவிர எதுவும் எழுதக் கூடாது. 'நன்று' என்றுகூட எழுதக் கூடாது. அவள் 'மூன்று முறை சரிபார்த்தேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரிக்குறி போட்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். தாளின் முகப்பில் பெயர், எண் எல்லாம் கிழித்து எடுக்கப்பட்டிருந்தது. அது பையனா பெண்ணா, எந்தப் பள்ளி, கடைசியில் எத்தனை வாங்கியது, எதுவும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. கட்டு கட்டப்பட்டுச் சாக்குக்குள் போனது.

ஐந்து வாரம் கழித்துக் குறிப்பாணை வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அவள் நாலு வரியில் எழுதினாள். சந்தேகம் வந்தது, கைப்பிரதியைக் கேட்டு வாங்கவில்லை, தவறான எண்ணைப் பிரதியிட்டுப் பார்த்தேன், கையெழுத்திட்டேன். கணவர் படித்துவிட்டு, "அச்சகத்து ஆள் அவசரப்படுத்தினதை எழுதலியா?" என்றார். "அவர் வேலை அவசரப்படுத்தறது. என் வேலை அவசரப்படாம இருக்கிறது" என்றாள். பிறகு, இதையும் எழுதியிருந்தால் நாடகம் மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்குக் கேள்வித்தாள் வேலை எதுவும் கிடையாது என்று முடிவு வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் பெயரை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். பட்டியலில் ஆறாவதாக இருந்தவர் அவள் பள்ளிக்கே தலைமையாசிரியராக வந்தார், அவளைவிட ஏழு வயது சின்னவர். முதல் வாரம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்பட்டார். அவள்தான் போய், மேல்மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசி அவரை இயல்பாக்கினாள்.

அவள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அந்த அறையில் இருந்த மற்றவருக்கும் குறிப்பாணை போயிருந்தது. அவர் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிரிச்சுப் பாத்தோம்னு ஏன் எழுதினீங்க?"

"எழுதலீங்க. பின்பாதியில உங்க கையெழுத்தே இல்ல. அவங்களே பாத்துக் கேட்டிருக்காங்க."

"நீங்க கிளப்பாம இருந்திருந்தா யார் பாத்திருப்பா?"

"யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றாள் அவள். அது உண்மைதான். அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் பெயர் கெடக் கூடாது என்றுதான் தன் பெயரை எழுதினாள், ஆனால் அது நடக்கவில்லை. வெகுநாள் அவளை அரித்தது பதவி உயர்வு அல்ல, இதுதான். பிற்பாடு ஒரு கூட்டத்தில் எதிரே வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குடிதண்ணீர் வைத்திருந்த பக்கம் போய்விட்டார்.

அடுத்த வருடமும் முகாமுக்கு ஆணை வந்தது. திருத்துவதற்குத் தடை இல்லை. அதே கூடம், வேறு மேசை. நாற்காலியில் பையை வைத்தபோது, "டீச்சர், நீங்களும் இங்கயா?" என்று பக்கத்தில் புயல். முதல் நாள் யாருக்கும் விடைக்குறிப்பு தரவில்லை. வெறும் கேள்வித்தாளும் நாலு வெள்ளைத்தாளும் தந்தார்கள். இனிமேல் எல்லா முகாமிலும் முதல் மூன்று மணி நேரம், திருத்துகிறவர்கள் அச்சான கேள்வியைப் பார்த்துத் தாங்களே முழுத்தாளையும் போட வேண்டும், அதன்பிறகுதான் விடைக்குறிப்பு உறையைத் திறப்பார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"பாருங்க டீச்சர், இந்த வயசுல நம்மள மறுபடி பத்தாவது எழுத வச்சுட்டாங்க" என்றான் புயல், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. "போன வருஷம் எவனோ ஒருத்தன் தூங்கி வழிஞ்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டிருக்கான். அவனுக்காக நாம அனுபவிக்கிறோம்."

"எவனோ இல்ல தம்பி" என்றாள் அவள். "நான்தான். தூங்கல, பஸ்ஸுக்கு அவசரம்."

அவன் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தான். அவள் விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தான். அவள் வெள்ளைத்தாளின் இடது ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேள்வித்தாளை முன்னும் பின்னும் புரட்டினான். பிறகு நாற்காலியை மெல்ல அவள் பக்கமாக நகர்த்தினான்.

"அப்ப டீச்சர், நீங்க நல்லாப் பாத்து, நிதானமாப் போடுங்க. நான் உங்களைப் பாத்து எழுதிக்கிறேன்."

அவள் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.